கடைசிக் குழியில் நான் கொடுத்தது

மழை நின்றுவிட்டது. காற்று நிற்கவில்லை.

கடைசிக் குழியின் புல்தரையில் டொக்டர் நெல்லையப்பன் குந்தியிருந்தார். அவருடைய மழைக்கோட்டுக்குள் காற்றுப் புகுந்து, முதுகுப் பக்கம் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. வெள்ளைப் பந்துக்கும் குழிக்கும் இடையில் ஒன்றரை முழம் இருக்கும். கூடினால் இரண்டு. பந்து நின்ற இடத்திலேயே மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது.

கொடிக்கம்பு என் கையில். அதன் துணி படபடவென்று என் காதில் அடித்தது. உதட்டை நக்கினால் உப்பு.

அந்தப் பந்து விழுந்தால் டொக்டர் என்னை வெல்வார். அந்தக் கோல்ஃப் திடலில் அவர் ஒருநாளும் என்னை வென்றதில்லை. இனி இன்னொரு தடவையும் இல்லை. சில கிழமைகளில் அவர் இந்த நாட்டை விட்டே போகிறார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

என்ன சொன்னேன் என்பதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் சுற்றி வரவேண்டும். என் கதையை நேராகச் சொல்ல எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

சீனி வருத்தத்தில் தொடங்கியது

இந்தத் தொடரைக் கிழமை தவறாமல் வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்த நாட்டுக்கு வந்து, பிளேஸ்டோவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்து தொடங்கியவன். இன்றைக்கு இல்ஃபோர்டிலோ குட்மேய்ஸிலோ இறங்கி என் பெயரைச் சொன்னால் கடையைக் காட்டிவிடுவார்கள். கோயிலுக்குத் தேர் செய்யக் கேட்டபோது முதலில் கைகொடுத்தவன் நான். வேலை கேட்டு வந்தவனை வெறுங்கையோடு திருப்பியதில்லை. கொடுப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன். உழைத்தவன் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

பிளேஸ்டோவில் எங்கள் குடும்ப டொக்டராக இருந்தவர் நெல்லையப்பன். ஊர் பாளையங்கோட்டை. என்னைவிடச் சில வயது இளையவர். கடை வைத்திருக்கிறவரை அவர்கள் பக்கத்தில் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்களாம். முதல் நாளே நான் அவருக்கு அண்ணாச்சி ஆகிவிட்டேன்.

எனக்குச் சீனி வருத்தம், அவர் பாஷையில் சர்க்கரை நோய், என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். தினமும் நடக்கச் சொன்னார். அலுவல் இல்லாமல் றோட்டில் நடந்து திரிய நான் என்ன விசரனோ என்று கேட்டேன். சிரித்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை எசெக்ஸ் பக்கத்தில் ஒரு கோல்ஃப் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“ஒரு பந்த வெரட்டிக்கிட்டு நடங்க அண்ணாச்சி. உங்களுக்கு வேல பாக்க மாதிரியே இருக்கும்.”

அப்படித்தான் கோல்ஃப் என்னைப் பிடித்தது. மட்டை பிடிக்கச் சொல்லித் தந்தவர் அவர். இரண்டு வருடத்துக்குள் அவரை வெல்லத் தொடங்கியவன் நான். இங்கே என் வயதில் தொடங்கி என்னளவுக்கு விளையாடுகிற தமிழர் இன்னொருவர் இருந்தால் பத்திரிகை ஆசிரியருக்கு அறிவிக்கலாம்.

மரமில்லாத இடம்

எசெக்ஸ் திடல்கள் பூங்கா மாதிரி. மரங்கள், குளம், குளத்தில் வாத்து. மெத்தைப் புல். அடித்த பந்து விழுந்த இடத்தில் குழப்படி செய்யாமல் நிற்கும். அதுதான் கோல்ஃப் என்று நானும் நினைத்திருந்தேன்.

ஒரு சித்திரை மாதம் டொக்டர் என்னை டார்ட்ஃபோர்ட் பாலத்துக்கு அப்பால், கென்ட் கடற்கரைக்குக் கொண்டுபோனார். காரை விட்டு இறங்கியதும் கதவைக் காற்று பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. ஒரு மரம் இல்லை. பழுப்பும் பச்சையுமாக ஒரு வெறும் நிலம், மேடும் பள்ளமும், ஓரத்தில் மஞ்சள் பூப் பூத்த முட்பற்றைகள். தலைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு குருவி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. இதற்கோ இவ்வளவு தூரம் வந்தோம் என்று கேட்டேன்.

இந்த மாதிரித் திடலை லிங்க்ஸ் என்பார்கள். கடலுக்கும் தோட்டக் காணிக்கும் இடையில் கிடக்கும் மணல் நிலம். பயிருக்கு உதவாது. காற்று மணலை இஷ்டத்துக்கு ஒதுக்கி மேடாக்கியிருக்கிறது. ஆடு மேய்ந்து புல்லைக் கட்டையாக்கியிருக்கிறது. மனிதன் பிறகு வந்து குழியை வெட்டிக் கொடியை நட்டான், அவ்வளவுதான். அங்கே சமமான தரையில் இரண்டு காலையும் ஊன்றி நின்று அடித்த ஞாபகம் எனக்கு இல்லை.

முதல் அடியே நடுவாலே போனது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். பந்து விழுந்தது, ஒரு சுளகு அளவு மேட்டில் பட்டது, பக்கவாட்டில் திரும்பி உருண்டு உருண்டு ஒரு மணற்குழிக்குள் போய் இறங்கியது. அடுத்ததில் மோசமாக அடித்தேன். அது வேறொரு மேட்டில் பட்டுக் கொடிக்குக் கிட்டப் போய் நின்றது. நல்லாய் அடித்தவனுக்கு நல்லது நடக்கும் என்று அந்தத் தரை யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

மணற்குழியை அவர்கள் பங்கர் என்கிறார்கள். புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுவர், என் நெஞ்சளவு உயரம். சில இடத்தில் முன்னுக்கு அடிக்கவே முடியாது. கொடிக்கு முதுகைக் காட்டிப் பின்பக்கமாக வெளியே அடித்துவிட்டு வரவேண்டும். வாழ்க்கையில் பின்னுக்குப் போகாதவன் அங்கே அதையும் பழகினேன்.

பங்கர் என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு வேறு ஞாபகம் வரும். ஊரில் விமானம் வந்து குண்டு போட்ட காலத்தில், ஓடி ஒளிய என் தங்கச்சி வீட்டு வளவிலும் ஒன்று வெட்டியிருந்தார்கள். தொலைபேசியில் அவள் அந்தச் சொல்லைச் சொல்லக் கேட்ட காதுக்கு, ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டு, நீங்கள் பங்கருக்குள் என்று சொன்னது முதல் நாள் ஒரு மாதிரித்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது. எல்லாமே பழகிவிடுகிறது.

காற்றைச் சொல்லவேண்டும். போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும். ஒன்பது குழி முடித்துத் திரும்பினால் அதே காற்று முகத்தில் அறையும். காலையில் தட்டிவிட்ட தூரத்துக்குப் பின்னேரம் உடம்பையே போட்டு அடிக்கவேண்டும்.

டொக்டரின் அடி அழகான அடி. பந்து உயரப் போய், வானத்தில் கொஞ்சம் நின்று, மெதுவாக இறங்கும். பூங்காத் திடலில் பார்த்தவர்கள் கைதட்டுவார்கள். கடற்கரையில் அந்த அழகைக் காற்று தூக்கிக்கொண்டு போய் முட்பற்றைக்குள் போட்டுவிடும். என் அடி மூட்டை தள்ளுகிறவனின் அடி. பந்து முழங்காலுக்கு மேலே எழும்பாது. உருண்டு, குதித்து, மேடு ஏறி இறங்கி, எப்படியோ கொடியடிக்குப் போய்விடும். அதனால்தான் அங்கே வருடா வருடம் நான் வென்றேன். எனக்காகவே செய்த தரை என்று சொல்லித் திரிந்தேன்.

இன்னொன்று. ஆறாவது குழி ஒரு மணல்மேட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. மேட்டின்மேல் நட்ட வெள்ளைக் கட்டையைப் பார்த்து நம்பி அடிக்கவேண்டும். முடித்துவிட்டுப் போகிறவர்கள் அங்கே தொங்கும் மணியை அடிக்கவேண்டும். அதைக் கேட்டுத்தான் பின்னால் நிற்பவர்கள் அடிப்பார்கள். நான் எப்போதும் ஒன்றிரண்டு தடவை கூடுதலாக அடிப்பேன். பூசை முடிஞ்சுதா அண்ணாச்சி என்பார் டொக்டர்.

கஞ்ச டொக்டர்

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். மிச்சக் கதை அதில்தான் இருக்கிறது.

எங்கள் ஆட்டம் குழிக்குக் குழி சண்டை. ஒரு குழியைக் குறைந்த அடியில் முடித்தவருக்கு அந்தக் குழி. பதினெட்டும் முடிய யார் கூடுதலாக வென்றாரோ, ஆட்டம் அவருக்கு. பந்து குழிக்குக் கிட்ட வந்துவிட்டால், எதிராளி “எடுங்கோ” என்று சொல்லலாம். சொன்னால், அடுத்த அடியில் அது விழுந்ததாகவே கணக்கு. அடித்துக் காட்டவேண்டியதில்லை. கையால் எடுத்துக்கொண்டு போகலாம். இதைக் கொடுப்பது என்று சொல்வோம். கொடுத்தவர் திருப்பி வாங்க முடியாது. பெற்றவர் வேண்டாம் என்று மறுக்கவும் முடியாது. சட்டம் அப்படி.

ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து விளையாடும் எங்கள் கூட்டத்தில் அதிகம் கொடுப்பவன் நான். டொக்டர் ஒன்றும் கொடுக்கமாட்டார். ஒரு சாண் தூரத்தில் பந்து நின்றாலும், “போட்டுட்டு வாங்க” என்பார். தனக்கும் ஒருவரும் கொடுக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவைத்திருந்தார். அவருக்குக் கஞ்ச டொக்டர் என்று பெயர் வைத்தவர் குகன். இல்ஃபோர்டில் கணக்காளர், எங்கள் கூட்டத்துப் பகிடிக்காரர்.

ஒருநாள் குகன் நேரேயே கேட்டார். “டொக்டர், ஒரு சாண் பந்தைக் குடுத்தால் உங்கட ஆஸ்தி குறைஞ்சு போயிடுமோ?”

டொக்டர் குழிக்குள் கையை விட்டுத் தன் பந்தை எடுத்துக்கொண்டே சொன்னார்.

“இந்தத் தரை நமக்கு எதையாவது சும்மா குடுக்கா? குடுக்காதுல்லா. பெறகு குடுக்கதுக்கு நான் யாரு? பந்து உள்ள விழுந்து ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, அதக் கேக்கத்தான் நான் இவ்வளவு தூரம் வர்றேன்.”

நாங்கள் சிரித்தோம். ஆனால் அவர் சொன்னதை மதித்தோம். அத்தனை வருடத்தில் ஒருவரும் அவருக்குக் கொடுத்ததில்லை.

ஊருக்குப் போகிற கதை

டொக்டரின் மனைவி காந்திமதி அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குறைந்துவிட்டது. மிஞ்சிய சொற்களில் அவர் திருப்பித் திருப்பிச் சொன்னது தன் வீட்டைத்தான். பாளையங்கோட்டை வீடு. டொக்டர் இரண்டாம் பேச்சுப் பேசவில்லை. இங்கிருந்த வீட்டை விற்க ஏற்பாடு செய்தார்.

என்னிடம் வந்து ஒன்றுதான் கேட்டார்.

“போறதுக்கு முன்னால அந்தத் திடல்ல ஒரே ஒரு தடவ உங்கள ஜெயிக்கணும் அண்ணாச்சி. பாவம் பாக்கக்கூடாது. விட்டுக்குடுக்காம ஆடணும். சரியா?”

சரி என்று கைகொடுத்தேன்.

அன்றைக்குக் காற்று எப்படிப்பட்டது என்றால், எங்கள் பைகளை நிமிர்த்தி வைத்தால் சாய்த்துவிடும். அந்தக் காற்றில் டொக்டர் பந்தைத் தாழ்வாக அடித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பந்து முழங்காலுக்கு மேலே எழும்பவில்லை. உருண்டு, குதித்து, மேடு ஏறி இறங்கிப் போனது. குளிர்காலம் முழுக்க ஒருவருக்கும் சொல்லாமல் தனியாகப் போய்ப் பழகியிருக்கிறார். அந்த அழகான அடியை விட்டுவிட்டு என் அடியைக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

நானும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் ஒரு குழி எடுத்தால் நான் ஒன்று எடுத்தேன். மணல்மேட்டுக் குழியை அவர் வென்றபோது அந்த மணியை அவரே அடித்தார். என்னைப்போல ஒன்றிரண்டு தடவை கூடுதலாகவே அடித்தார்.

ஆனால் திரும்பி வரும் வழியில் அவருடைய அடி பிசகத் தொடங்கியது. பதினேழாவது குழியில் ஒரு முழத் தூரத்தில் நின்ற பந்தை அடித்தார். அது குழியின் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே வந்து நின்றது. அந்தக் குழி எனக்கு. கடைசிக் குழிக்கு வந்தபோது இருவரும் சமம்.

கடைசிக் குழியில் நான் பங்கருக்குள் விழுந்தேன். பின்பக்கமாக அடித்து வெளியே வந்தேன். ஐந்து அடியில் முடித்தேன். டொக்டர் மூன்று அடியில் குழிக்குக் கிட்ட வந்துவிட்டார். நாலாவதில் உள்ளே போட்டால் வெற்றி. தவறினால் சமம், அந்தத் திடலில் என்னை ஒரு தடவையும் வெல்லாமல் ஊருக்குப் போவார்.

முன்னாலே முடித்துவிட்டு வந்த குகனும் மற்றவர்களும் ஓரத்தில் நின்று பார்த்தார்கள். டொக்டர் குந்தினார், எழும்பினார், திரும்பவும் குந்தினார். மட்டையைப் பிடித்த விரல்கள் குளிரில் வெளிறிப்போயிருந்தன. நான் அந்த விரல்களைப் பார்த்தேன். பதினேழாவது குழியை நினைத்தேன். காந்திமதி அம்மாவை நினைத்தேன். இது விழாது என்று எனக்குப் பட்டது.

“எடுங்கோ டொக்டர்,” என்றேன். “குடுத்தாச்சு.”

அவர் உடனே எழும்பவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. பந்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“குடுத்துட்டீங்களா?”

“ஓம்.”

பந்தைக் கையால் எடுத்தார். காற்சட்டையில் துடைத்தார். பொக்கற்றுக்குள் போட்டார். தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து, வழக்கம்போல எனக்குக் கைகொடுத்தார். ஈரமான, குளிர்ந்த கை.

“தேங்க்ஸ் அண்ணாச்சி.”

அவர் என்னைக் கட்டிப்பிடிப்பார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன்.

ஒரு கேள்வி

தேத்தண்ணி குடிக்க உள்ளே போனோம். கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே அந்தக் கடைசிக் கொடி படபடத்துக்கொண்டிருந்தது. நான்தான் கதையைத் தொடங்கினேன். வேறு யாராய் இருந்தாலும் கொடுத்திருக்கமாட்டார்கள் என்றேன். குகன் பிடித்துக்கொண்டார்.

“துரை அண்ணை கோயிலுக்குத் தேர் குடுத்தார். இப்ப டொக்டருக்கு ஒரு வெற்றியும் குடுத்திட்டார்.”

எல்லாரும் சிரித்தார்கள். டொக்டரும் சிரித்தார். இல்ஃபோர்டில் மண்டபம் எடுத்து அவருக்குப் பிரியாவிடை வைத்தபோது, மைக்கைப் பிடித்துத் திரும்பவும் அதே கதையைச் சொன்னேன். அப்போதும் சிரித்தார். காந்திமதி அம்மா மட்டும் சக்கர நாற்காலியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, என்ர கதைக்கு இண்டைக்கு நல்ல கைதட்டல் என்று மனைவியிடம் சொன்னேன். சரோ காதணியைக் கழற்றிக்கொண்டு நின்றாள்.

“அந்த மனிசன் உங்களிட்டைக் கேட்டவரோ?”

“கேக்கேல்லை.”

“பிறகேன் குடுத்தனீங்கள்?”

“குடுக்காட்டில் தவறவிட்டிருப்பார். எனக்குத் தெரியும்.”

“அதை அவருக்குச் சொன்னனீங்களோ?”

“விசரோ? சொல்லுவனோ?”

“சொல்லத் தேவையில்லை,” என்றாள். “அவருக்கு விளங்கியிருக்கும்.”

காதணியைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் என்னைவிடக் கூடுதலாகப் படித்தவள். நான் ஒரு காலில் சப்பாத்தோடேயே இருந்தேன்.

காணி போனது, கடை ஒன்று எரிந்து போனது, கூட்டாளி ஏமாற்றினான். எல்லாவற்றையும் இந்தத் தொடரில் எழுதியிருக்கிறேன். எழுதிய பிறகு மனம் ஆறியிருக்கிறது. இது மட்டும் ஆறவில்லை. அந்தப் பந்து விழுந்திருக்குமா, இல்லையா? இனி ஒருவருக்கும் தெரியாது. விழாமல் போயிருந்தாலும் அது அவருடைய பந்து, அவருடைய காற்று. ஒரு குளிர்காலம் முழுக்கத் தனியாகப் பழகி அந்த ஒன்றரை முழத்துக்கு வந்து சேர்ந்த மனிதரை, நான் பாதையில் மறித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

இப்போதும் அந்தத் திடலுக்குப் போகிறேன். ஒருவருக்கும் கொடுப்பதில்லை. துரை அண்ணைக்கு என்ன விசர் பிடித்தது என்று குகன் கேட்கிறார். வயது போகிறது என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

போன கிழமை

போன கிழமை டொக்டர் வீடியோவில் அழைத்தார். முகம் கறுத்து, மெலிந்து, வேட்டியோடு நின்றார். சீனி எவ்வளவு என்று முதலில் கேட்டார். பிறகு தொலைபேசியைத் திருப்பி வீட்டின் பின்பக்கத்தைக் காட்டினார். கூட்டிப் பெருக்கிய செம்மண் தரை. நடுவில் ஒரு எவர்சில்வர் தம்ளரை மண்ணுக்குள் இறக்கி வைத்திருந்தார். பக்கத்தில் அவருடைய பழைய மட்டை.

சாயங்காலம் காந்திமதி அம்மாவைச் சக்கர நாற்காலியில் வாசல் வரை தள்ளிக்கொண்டு வருவாராம். அவர் பார்த்திருக்க, டொக்டர் பந்தை அடிப்பாராம். ஒன்றரை முழத் தூரத்திலிருந்து.

“டங்குனு ஒரு சத்தம் வரும் அண்ணாச்சி. அதக் கேட்டா அவ தலைய ஆட்டுவா.”

எனக்கு அப்பாடா என்றிருந்தது. இவ்வளவு நாளும் நெஞ்சில் கிடந்தது கொஞ்சம் அசைந்து கொடுத்த மாதிரி. சத்தமாகக் கேட்டேன்.

“எல்லாம் விழுகுதோ டொக்டர்?”

“தெனமும் விழுது அண்ணாச்சி.”

மட்டையின் நுனியால் தம்ளரைச் சுற்றியிருந்த மண்ணை மெல்லத் தட்டிச் சமப்படுத்தினார்.

“ஆனா இங்க காத்து இல்லையே.”

நான் சமையலறைச் சன்னலடியில் நின்றுகொண்டிருந்தேன். குட்மேய்ஸில் அன்றைக்கு நல்ல காற்று. பின்வளவில் சரோ காயப்போட்ட உடுப்பெல்லாம் ஒரு பக்கமாகக் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. தொலைபேசியில் அந்தச் சத்தம் கேட்டுவிடுமோ என்று, சன்னலை மெதுவாகச் சாத்தினேன்.